ஜாமீன் நிற்க ஒரு ஆள்

"யாருக்கு வேண்டுமானாலும் உதவி செய். ஜாமீன் கையெழுத்து மட்டும் போட்டுவிடாதே." தமிழ்நாட்டில் அநேகமாக எல்லா வீட்டிலும் பெரியவர்கள் சொல்லும் அறிவுரை இது. யாரோ ஒரு சித்தப்பா நண்பனின் வங்கிக் கடனுக்குக் கையெழுத்துப் போட்டார், நண்பன் ஊரை விட்டே போய்விட்டான், கடைசியில் சித்தப்பா வீட்டுக்குத்தான் நோட்டீஸ் வந்தது என்று ஒரு கதையும் கூடவே வரும். பி.காம். படிக்கிறவர்கள் இதையே வணிகச் சட்டப் பாடத்தில் படிக்கிறார்கள். 1872ஆம் வருடத்து இந்திய ஒப்பந்தச் சட்டம், 126ஆவது பிரிவு. கடன் கொடுத்தவர், கடன் வாங்கியவர், உத்தரவாதம் கொடுத்தவர் என்று மூன்று பேர். வாங்கியவர் கட்டாவிட்டால் உத்தரவாதம் கொடுத்தவர் கட்ட வேண்டும். பரீட்சைக்கு இவ்வளவு எழுதினால் போதும்.

ஜாமீன் என்ற இதே சொல் கோர்ட்டிலும் இருக்கிறது. அங்கே கேள்வி பணத்தைப் பற்றியது இல்லை, ஒரு மனிதரைப் பற்றியது. கைதான ஒருவரை வழக்கு முடியும் வரை வெளியே விடுகிறார்கள். சொன்ன தேதியில் அவர் கோர்ட்டுக்கு வந்து நிற்பார் என்று வேறு ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். வராவிட்டால் பத்திரத்தில் எழுதிய தொகையைப் பொறுப்பேற்றவர் கட்ட வேண்டும். நண்பனின் கடனுக்கே கையெழுத்துப் போடத் தயங்கும் ஊரில், ஜெயிலில் இருக்கும் ஒரு பெண்ணுக்காக யார் வந்து கையெழுத்துப் போடுவார்கள்?

ஒரு பெண்ணைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். பெயர் வேண்டாம். கிராமத்திலிருந்து நகரத்துக்கு வந்து நான்கு வீடுகளில் பாத்திரம் தேய்க்கிறாள். ஒரு வீட்டில் நகை காணாமல் போகிறது. சந்தேகம் முதலில் யார் மேல் விழும் என்று சொல்லத் தேவையில்லை. அவள் எடுத்தாளா இல்லையா என்பது இப்போதைக்குத் தெரியாது. அதைச் சொல்ல வேண்டியது கோர்ட். போலீஸ் கைது செய்கிறது, ரிமாண்ட் ஆகிறாள். சில வாரங்கள் கழித்து மாஜிஸ்திரேட் ஜாமீனும் கொடுத்துவிடுகிறார். நிபந்தனை ஒன்றுதான். தலா 10,000 ரூபாய்க்கு இருநபர் ஜாமீன்.

உத்தரவைப் படித்தால் அவள் வெளியே வந்துவிட்டாள் என்றுதான் தோன்றும். ஆனால் அவள் உள்ளேயேதான் இருக்கிறாள். ஜாமீன் கொடுக்க வருகிறவர் முதலில் தன் முகவரியைக் காட்ட வேண்டும். ரேஷன் கார்டு, ஆதார், சொத்து வரி ரசீது என்று கேட்பார்கள். சில இடங்களில் வி.ஏ.ஓ. சான்றும் கேட்பார்கள். அண்ணன் வீடு புறம்போக்கில் இருக்கிறது, பட்டா இல்லை. புருஷன் விட்டுப் போய் வருடக்கணக்காகிறது. பக்கத்து வீட்டுக்காரர்களும் வாடகைக்கு இருப்பவர்கள்தான். அவளுக்குத் தெரிந்தவர்களில் சொந்த வீடு உள்ளவர்கள் அவள் வேலை பார்த்த வீட்டுக்காரர்கள் மட்டுமே. புகார் கொடுத்தவர்களும் அவர்கள்தான்! ஜாமீன் உத்தரவு கட்டில் கிடக்கிறது, அவள் கொட்டடியில் கிடக்கிறாள்.

இதே நிலைமை ஏழை ஆண்களுக்கும் உண்டு. ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. வீட்டில் ஓர் ஆண் ஜெயிலுக்குப் போனால் அம்மாவோ மனைவியோ ஓடுகிறாள். தாலிக்கொடியை அடகு வைக்கிறாள், வக்கீலைத் தேடிப் பிடிக்கிறாள், வாய்தாவுக்கு வாய்தா கோர்ட் வாசலில் நிற்கிறாள். சிறையில் உறவினர் வந்து பார்ப்பதை நம் ஊரில் "மனு பார்ப்பது" என்று சொல்வார்கள். எந்த மத்திய சிறை வாசலிலும் மனு பார்க்கக் காத்திருக்கும் கூட்டத்தில் பைகளோடும் குழந்தைகளோடும் பெண்கள் நிற்பதைக் காணலாம். வீட்டில் இப்படி ஓடுகிற ஆளே உள்ளே போய்விட்டால் யார் ஓடுவது?

சில வழக்குகளில் நிலைமை இன்னும் மோசம். கணவன் இறந்த வழக்கில் மனைவி குற்றவாளியாக நிறுத்தப்பட்டால் புகுந்த வீடு முழுவதும் எதிர்த்தரப்பு. பிறந்த வீடு "குடும்ப மானம் போச்சு" என்று கதவைச் சாத்திக்கொள்ளும். மகன் ஜெயிலுக்குப் போனால் அது குடும்பத்தின் கஷ்டம், மகள் போனால் குடும்பத்தின் அவமானம். இந்த ஒரு எண்ணத்தாலேயே பல பெண்களுக்கு மனு பார்க்க ஒருவரும் வருவதில்லை.

எண்ணிக்கையைப் பார்க்கலாம். தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022ஆம் ஆண்டு முடிவில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அதில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். அதாவது நூற்றுக்கு 75 பேருக்கு மேல் குற்றவாளி என்று இன்னும் தீர்ப்பாகாதவர்கள். மொத்தத்தில் பெண்கள் 23,772 பேர், நூற்றுக்கு நான்கு பேர். நான்கு சதவீதம்தானே என்று விட்டுவிட முடியாது. எண்ணிக்கை குறைவு என்பதாலேயே அவர்கள் மறக்கப்படுகிறார்கள். சிறை என்பதே ஆண்களை மனதில் வைத்துக் கட்டப்பட்டது. பெண்களுக்கென்று தனிச் சிறை எல்லா மாநிலத்திலும் கிடையாது. பல இடங்களில் ஆண்கள் சிறைக்குள்ளேயே மதில் எழுப்பி ஒரு மூலையைப் பெண்கள் பிரிவு என்று ஒதுக்கியிருப்பார்கள். தமிழ்நாட்டில் புழல், வேலூர் போன்ற சில ஊர்களில் பெண்கள் தனிச்சிறைகள் இருக்கின்றன. இதுவே ஒருவகையில் நல்லதுதான். ஆனால் சிறை சில ஊர்களில் மட்டும் இருக்கும்போது, வேறு மாவட்டத்துப் பெண்ணைப் பார்க்க வர வேண்டிய வயதான தாய்க்குப் பஸ் செலவும் ஒரு நாள் கூலியும் போகிறது. முதல் மாதம் வருவார். பிறகு வரமாட்டார்.

சரி, சட்டம் இவர்களைக் கைவிட்டுவிட்டதா? அப்படியும் சொல்ல முடியாது. சூரியன் மறைந்த பிறகு பெண்ணைக் கைது செய்யக் கூடாது; தவிர்க்க முடியாத நிலையில் பெண் போலீஸ் அதிகாரி மாஜிஸ்திரேட்டிடம் முன் அனுமதி வாங்க வேண்டும். ஜாமீனில் விட முடியாத பெரிய குற்றமானாலும் பெண் என்ற காரணத்தாலேயே ஜாமீன் தர மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் உண்டு. 1987ஆம் வருடத்து சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலேயே ஒரு பெண்ணுக்கு அரசு செலவில் வக்கீல் கிடைக்கும். காவலில் இருப்பவர் யாராக இருந்தாலும் கிடைக்கும். நம் கதையில் வரும் பெண் இரண்டு விதத்திலும் தகுதியானவள்.

இன்னும் இருக்கிறது. வீட்டுக்குள் நடந்த திருட்டுக்கு அதிகபட்ச தண்டனை 7 வருடம். இப்படிப்பட்ட வழக்கில் 60 நாளுக்குள் போலீஸ் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யாவிட்டால் ஜாமீன் கேட்பது அவளுடைய உரிமை. அதிகபட்ச தண்டனையில் பாதியை விசாரணைக் கைதியாகவே கழித்துவிட்டால் வெளியே விட வேண்டும் என்று 2005இல் சட்டத்தைத் திருத்தினார்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, முதல் முறை குற்றம் சாட்டப்பட்டவர்களுக்கு இதை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்தது. கணக்குப் போட்டால், பாதி என்பது 3 வருடம் 6 மாதம். மூன்றில் ஒரு பங்கு 2 வருடம் 4 மாதம்.

இவ்வளவு இருந்தும் அவள் ஏன் உள்ளே இருக்கிறாள்? மேலே சொன்ன ஒவ்வொரு உரிமையையும் மறுபடி படித்துப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் சொல்லாமல் விட்ட ஒரு வார்த்தை இருக்கிறது. "கேட்டால்." 61ஆம் நாள் காலையில் மனு போட்டால் ஜாமீன் உரிமை. மனு போடாமல் இருந்து, அதற்குள் போலீஸ் குற்றப்பத்திரிகையைத் தாக்கல் செய்துவிட்டால் அந்த உரிமை போய்விடும். 61ஆம் நாள் எது என்று எண்ணிக்கொண்டிருக்க வெளியே ஒருவர் வேண்டும். எழுத்துக் கூட்டிப் படிக்கவே தெரியாத பெண், உள்ளே உட்கார்ந்துகொண்டு இதை எப்படி எண்ணுவாள்? தமிழில் "கேட்பாரற்று" என்று ஒரு சொல் உண்டு. ரோட்டோரம் நிற்கும் பழைய வண்டிக்கும் சொல்வோம், மனிதருக்கும் சொல்வோம். இந்தப் பெண்கள் அப்படித்தான் கிடக்கிறார்கள்.

ஆனால் யாராவது கேட்டபோது நடந்திருக்கிறது. அதற்கு இந்தியாவிலேயே நல்ல உதாரணங்கள் இருக்கின்றன.

1979 ஜனவரியில் பீகார் சிறைகளின் நிலைமை பற்றி "இந்தியன் எக்ஸ்பிரஸ்" நாளிதழில் கே.எஃப். ருஸ்தம்ஜி எழுதினார். அவர் போலீஸ் அதிகாரியாக இருந்தவர். தண்டனை கிடைத்திருந்தால்கூட எப்போதோ வெளியே வந்திருக்க வேண்டியவர்கள், விசாரணையே தொடங்காமல் வருடக்கணக்காக உள்ளே இருந்தார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் அந்தச் செய்தியைக் காலைக் காப்பியோடு படித்திருப்பார்கள். டெல்லியில் ஒரு பெண் வழக்கறிஞர் படித்துவிட்டு உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். அவர் பெயர் புஷ்பா கபிலா ஹிங்கோரானி. அந்தக் கைதிகள் யாரும் அவருக்கு வக்காலத்து கொடுக்கவில்லை. முகம் தெரியாதவர்களுக்காக இன்னொருவர் வழக்குப் போட முடியுமா என்பதே அன்று பெரிய கேள்வி. நீதிபதி பி.என். பகவதி வழக்கை ஏற்றுக்கொண்டார். சொந்தப் பத்திரத்திலேயே, அதாவது ஜாமீன்தாரர் இல்லாமல் தன் கையெழுத்தை மட்டும் போட்டுவிட்டுப் போகலாம் என்று பலர் விடுதலை ஆனார்கள். விரைவான விசாரணை என்பது ஒவ்வொருவரின் அடிப்படை உரிமை என்று தீர்ப்பு வந்தது. சட்டப் புத்தகங்களில் அந்த வழக்கின் பெயர் ஹுசைனாரா கதூன் வழக்கு. ஹுசைனாரா கதூன் அந்தச் சிறைகளில் இருந்த பெண்களில் ஒருவர்.

அந்த வழக்கில் வெளிவந்த ஒரு விஷயம் அதிகம் பேசப்படுவதில்லை. எந்தக் குற்றமும் செய்யாத சில பெண்களும் உள்ளே இருந்தார்கள். அவர்கள் பாதிக்கப்பட்டவர்கள் அல்லது சாட்சிகள். சாட்சி சொல்லும் வரை பாதுகாப்பாக இருக்கட்டும் என்று சிறையில் வைத்திருந்தார்கள். "பாதுகாப்புக் காவல்" என்று அதற்குப் பெயர்! அவர்களை வெளியே விட்டுக் காப்பகங்களுக்கு அனுப்ப வேண்டும் என்று கோர்ட் சொல்ல வேண்டியிருந்தது. யாரும் கேட்காமல் இருந்திருந்தால் அவர்கள் இன்னும் எத்தனை வருடம் பாதுகாப்பாக இருந்திருப்பார்களோ தெரியாது.

அடுத்தது பம்பாய். 1982 மே மாதம் ஷீலா பார்ஸே என்ற பத்திரிகையாளர் அனுமதி வாங்கிக்கொண்டு பம்பாய் மத்திய சிறைக்குள் போய் 15 பெண் கைதிகளைப் பார்த்துப் பேசினார். அவர்களில் 5 பேர் போலீஸ் லாக்கப்பில் தங்களை அடித்ததாகச் சொன்னார்கள். ஷீலா பார்ஸே ஒரு கடிதம் எழுதி உச்ச நீதிமன்றத்துக்கு அனுப்பினார். அந்தக் கடிதத்தையே கோர்ட் மனுவாக எடுத்துக்கொண்டது. உண்மையை அறிய நிர்மலா நிகேதன் சமூகப் பணிக் கல்லூரியின் இயக்குநரைச் சிறைக்கு அனுப்பியது. பேசும்போது சிறை அதிகாரிகள் யாரும் பக்கத்தில் இருக்கக் கூடாது என்றும் சொன்னது. காவலர் நிற்கும்போது ஒரு கைதி என்ன பேசிவிடப் போகிறாள்? அந்தச் சிறு நிபந்தனையில்தான் எல்லாம் இருக்கிறது.

அந்த அறிக்கையில் இன்னொரு தகவலும் இருந்தது. இரண்டு வெளிநாட்டுப் பெண் கைதிகளின் உடைமைகளையும் நகைகளையும் ஒரு வக்கீலே கட்டணம் என்ற பெயரில் எடுத்துக்கொண்டு ஏமாற்றியிருந்தார். உதவி என்று வருகிறவர் எல்லோரும் உதவ வருவதில்லை. உள்ளே இருப்பவர்களுக்கு அதைத் தெரிந்துகொள்ளவும் வழியில்லை.

1983 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. பெண்களைத் தனி லாக்கப்பில் வைக்க வேண்டும், அங்கே பெண் காவலர்கள்தான் காவல் இருக்க வேண்டும். பெண்ணை விசாரிக்கும்போது பெண் போலீஸ் கூட இருக்க வேண்டும். கைதானதும் சட்ட உதவிக் குழுவுக்கும் உறவினருக்கும் தகவல் சொல்ல வேண்டும். கைதானவரின் உரிமைகளை மராத்தி, ஹிந்தி, ஆங்கிலத்தில் அச்சிட்டு ஒவ்வொரு லாக்கப் அறையிலும் ஒட்ட வேண்டும். நீதிபதி ஒருவர், முடிந்தால் பெண் நீதிபதி, சொல்லாமல் கொள்ளாமல் வந்து பார்க்க வேண்டும். இன்று சாதாரணமாகத் தோன்றும் இந்த விதிகள் ஒருவர் எழுதிய கடிதத்திலிருந்து வந்தவை.

உள்ளே இருப்பவரே கேட்டால் என்ன ஆகும்? 2017 ஜூன் மாதம் மும்பை பைகுல்லா பெண்கள் சிறையில் ஒரு நாள் காலை உணவுக் கணக்கில் 2 முட்டையும் 5 பாவும் குறைந்தன. பாரக் ஒன்றுக்குப் பொறுப்பாக இருந்த ஒரு கைதி அதைப் பற்றிக் கேட்டார். சிறை ஊழியர்கள் அடித்ததில் அவர் இறந்துவிட்டார் என்பது புகார். ஊழியர்கள் 6 பேர் கைதாகி அவர்கள் மேல் கொலை வழக்குப் போடப்பட்டது. கணக்கில் குறைவதைச் சுட்டிக்காட்டுவது வெளியே ஒரு குமாஸ்தாவின் அன்றாட வேலை. உள்ளே அது உயிரைப் பணயம் வைக்கிற காரியம். அதனால்தான் கேட்கிறவர் வெளியே இருப்பது முக்கியமாகிறது.

அப்படியும் உள்ளே இருந்துகொண்டே உதவியவர்கள் உண்டு. தொழிற்சங்கவாதியும் வழக்கறிஞருமான சுதா பரத்வாஜ் பீமா கோரேகாவ் வழக்கில் 2018இல் கைதாகி, முதலில் புனே எரவாடா சிறையிலும் பிறகு பைகுல்லாவிலும் இருந்தார். 2021 டிசம்பரில் ஜாமீனில் வந்தார். அவர் மீதான வழக்கைப் பற்றி யாருக்கு என்ன கருத்து இருந்தாலும் சரி, உள்ளே அவர் செய்த வேலை தனி. சக பெண் கைதிகளுக்கு ஜாமீன் மனுக்கள் எழுதிக் கொடுத்தார். எரவாடாவில் சந்தித்த பெண்களைப் பற்றி ஒரு புத்தகமும் எழுதினார். சிறைக்குள் வக்கீல் வந்த பிறகுதான் பலருக்கு மனு என்று ஒன்றைப் போடவே முடிந்தது. வெளியே இருக்கும் சட்ட உதவி அமைப்பு செய்ய வேண்டிய வேலை அது.

குழந்தைகளையும் மறக்க முடியாது. 6 வயது வரை குழந்தை தாயோடு சிறையில் இருக்கலாம். 2022 முடிவில் 1,537 பெண்களோடு 1,764 குழந்தைகள் இந்தியச் சிறைகளில் இருந்தார்கள். 2006 ஏப்ரலில் ஆர்.டி. உபாத்யாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் இவர்களுக்காக விரிவான உத்தரவு போட்டது. குழந்தையைக் கைதியாக நடத்தக் கூடாது, அதற்குத் தனி உணவு வேண்டும், பால்வாடி வேண்டும், பிரசவத்தை முடிந்தவரை சிறைக்கு வெளியே வைத்துக்கொள்ள வேண்டும். உள்ளேயே பிறந்துவிட்டால் பிறப்புச் சான்றிதழில் பிறந்த இடம் சிறை என்று எழுதக் கூடாது. ஆறு வயது முடிந்த குழந்தை வெளியே போகும்போது யாரிடம் போகிறது? அங்கேயும் அதே பழைய கேள்விதான். ஒரு ஆள் வேண்டும்.

இந்த இடத்தில் பலர் கேட்பார்கள். "தப்பு செய்யாமலா உள்ளே போனாள்? நகையைப் பறிகொடுத்தவர் என்ன பாவம் செய்தார்?" நியாயமான கேள்வி. நகை போனவருக்கும் நீதி வேண்டும். ஜாமீனில் விட்டால் ஓடிப் போகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் ஜாமீன் என்பது விடுதலை இல்லை. வழக்கு அப்படியேதான் இருக்கிறது. அந்தப் பெண் குற்றவாளி என்று தீர்ப்பானால் தண்டனை அனுபவிக்கத்தான் வேண்டும். இப்போது நடப்பது வேறு. ஒரே குற்றச்சாட்டு, ஒரே மாதிரி உத்தரவு. சொத்துள்ள உறவினர் இருப்பவர் மறுநாளே வீட்டுக்குப் போகிறார், இல்லாதவர் உள்ளே இருக்கிறார். குற்றத்தை வைத்து முடிவாக வேண்டியது பட்டாவை வைத்து முடிவாகிறது. இதை நகை போனவர்கூட நீதி என்று சொல்லமாட்டார்.

இதையும் ஒருவர் முன்பே சொல்லிவிட்டார். 1978இல் மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்த மோதி ராம் என்ற கொத்தனாருக்கு உச்ச நீதிமன்றம் ஜாமீன் கொடுத்தது. கீழ் கோர்ட் 10,000 ரூபாய்க்கு ஜாமீன்தாரர் கேட்டது. அவருடைய சகோதரர் வந்தார். சகோதரரின் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது, அதனால் செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். மோதி ராம் மறுபடி உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். நீதிபதி வி.ஆர். கிருஷ்ண ஐயர் 1,000 ரூபாய் சொந்தப் பத்திரத்தில் அவரை விடச் சொன்னார். எங்கோ தொலைவில் கைதாகும் ஒரு தமிழரோ மலையாளியோ அந்த ஊரில் சொத்துள்ள ஜாமீன்தாரருக்கு எங்கே போவார் என்ற கேள்வியையும் அந்தத் தீர்ப்பிலேயே எழுப்பினார். பின்னாளில், 1986இல், பெண் கைதிகளைப் பற்றி ஆராய மத்திய அரசு அமைத்த குழுவுக்கும் அவர்தான் தலைவர்.

மோதி ராம் தீர்ப்புக்குப் பிறகு 44 வருடம் போனது. 2022 நவம்பர் 26 அரசியல் சட்ட தினத்தன்று குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு, உச்ச நீதிமன்ற நீதிபதிகள் நிறைந்த சபையில் எழுதி வைத்த பேச்சை விட்டு விலகி, சிறையில் கிடக்கும் ஏழைகளைப் பற்றிப் பேசினார். 2023 ஜனவரி 31 அன்று உச்ச நீதிமன்றம் ஓர் உத்தரவு போட்டது. ஜாமீன் உத்தரவின் நகலைச் சிறைக்கு மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும். ஜாமீன் கிடைத்து 7 நாளில் கைதி வெளியே போகாவிட்டால் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குச் சொல்ல வேண்டும். ஒரு மாதத்தில் ஜாமீன்தாரர் கிடைக்காவிட்டால் கோர்ட் தானாகவே நிபந்தனையைத் தளர்த்துவது பற்றிப் பார்க்கலாம். உள்ளூர் ஜாமீன்தாரர்தான் வேண்டும் என்று வற்புறுத்த வேண்டாம். கடைசியாகச் சொன்னது 1978இல் மோதி ராமுக்குச் சொன்ன அதே விஷயம்!

அதே 2023இல் ஏழைக் கைதிகளுக்கான திட்டம் ஒன்றை மத்திய உள்துறை அமைச்சகம் கொண்டுவந்தது. ஜாமீன் தொகை கட்ட முடியாத விசாரணைக் கைதிக்கு 40,000 ரூபாய் வரையிலும், அபராதம் கட்ட முடியாத தண்டனைக் கைதிக்கு 25,000 ரூபாய் வரையிலும் அரசே கொடுக்கும் என்று அப்போது விதி வகுத்தார்கள். 2024 நவம்பரில், மூன்றில் ஒரு பங்கு விதிப்படி வெளியே வரத் தகுதியான பெண் கைதிகளைத் தனிக் கவனம் எடுத்துக் கண்டுபிடிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. புதிய சட்டத்தில் இந்த மனுவைப் போட வேண்டிய கடமை சிறைக் கண்காணிப்பாளருடையது. "கேட்டால்" என்ற அந்தச் சொல்லாத வார்த்தையை மெல்ல மெல்ல எடுக்கப் பார்க்கிறார்கள். இது நல்ல மாற்றம். ஆனால் பெயர்ப் பட்டியலைப் பார்த்து, தேதியைக் கணக்கிட்டு, படிவத்தை நிரப்பி, அடுத்த மேஜைக்குக் கொண்டுபோக இன்னமும் ஒரு மனிதர் வேண்டியிருக்கிறது. அரசு பணம் தரும். அந்தப் பெண்ணின் பெயரை யாராவது சொன்னால்தான் தரும்.

வக்கீல்கள்தான் இதைச் செய்ய வேண்டும் என்று நினைத்து ஒதுங்கத் தேவையில்லை. ஒவ்வொரு மாவட்ட கோர்ட் வளாகத்திலும் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. 15100 என்ற எண்ணில் யாரும் அழைத்து இலவசச் சட்ட உதவி கேட்கலாம். அந்த ஆணைக்குழுவின் கீழ் சட்டத் தன்னார்வலர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சட்டம் படித்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆசிரியர், ஓய்வு பெற்றவர், கல்லூரி மாணவர் என்று பலர் சேர்கிறார்கள். சிறைக்குப் போவது, குடும்பத்துக்குத் தகவல் சொல்வது, படிவம் எழுதுவது ஆகியவை அவர்களின் வேலைகள். எத்தனை நாள் உள்ளே இருக்கிறாள், அதிகபட்ச தண்டனை எவ்வளவு, மூன்றில் ஒரு பங்கு எந்தத் தேதியில் முடிகிறது என்ற கணக்குக்குப் பெரிய சட்ட ஞானம் தேவையில்லை. வட்டிக் கணக்கு போடத் தெரிந்த எந்த காமர்ஸ் மாணவரும் போட்டுவிடலாம்.

வெளியே வந்த பிறகும் வேலை இருக்கிறது. அவள் வேலை பார்த்த வீடுகள் இனிக் கூப்பிடாது. வாடகை வீடு போயிருக்கும். குழந்தை பள்ளிக்கூடத்தை விட்டிருக்கும். தீர்ப்பு "நிரபராதி" என்று வந்தாலும் தெருவில் அவள் "ஜெயிலுக்குப் போனவ"தான். கோர்ட் கொடுக்கும் தண்டனைக்காவது ஒரு முடிவுத் தேதி உண்டு. தெரு கொடுக்கும் தண்டனைக்கு அதுவும் கிடையாது. அவளை வேலைக்கு வைத்துக்கொள்வதும், வாசலில் நின்று இரண்டு வார்த்தை பேசுவதும்கூட அவளுக்காக நிற்பதுதான்.

வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் அறிவுரையைத் தப்பு என்று சொல்ல முடியாது. பட்ட அனுபவத்தில் சொல்கிறார்கள். ஓடிப் போன நண்பனின் கடனை அடைத்தவர்களுக்குத்தான் அந்த வலி தெரியும். ஆனால் ஹிங்கோரானியும் ஷீலா பார்ஸேயும் முன்பின் தெரியாத பெண்களுக்காக நின்றார்கள். அவர்களிடம் சொத்துப் பத்திரம் யாரும் கேட்கவில்லை. ஒருவர் மனு போட்டார், ஒருவர் கடிதம் எழுதினார்.

அந்தக் கற்பனைப் பெண் இன்று மாலையும் கொட்டடியில் உட்கார்ந்திருப்பாள். மனு பார்க்க வந்தவர்களின் பெயர்களை வார்டர் ஒவ்வொன்றாகக் கூப்பிடுவார். தன் பெயர் வராது என்று தெரிந்தும் அவள் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருப்பாள். இந்த மாதிரி 23,772 பெயர்கள் இருந்தன. அதில் ஒரு பெயரையாவது யாராவது போய்க் கேட்கலாம்.